எங்கள் சிறிய நீராவி இயந்திரம்

பத்தாம் வகுப்பு மாணவியர்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1876-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நம் சாத்தூர் நிலையத்தில் நீராவி எஞ்சின்கள் புகை கக்கி நின்று சென்றன. அவற்றின் கூவலைக் கேட்டுத்தான் உலை வைத்தோம் என்று பாட்டிமார் இன்றும் சொல்வதுண்டு. நாமோ அவற்றைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். படத்தில் பார்த்ததை நம் கையால் செய்து ஓட்ட முடியுமா என்று எங்கள் வகுப்பில் நால்வருக்குத் தோன்றியது. அதைச் செய்த கதையையும், செய்தபோது கற்ற பாடத்தையும் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

எல்லாவற்றிற்கும் தொடக்கம் ஒரு தகரப் படகு. இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளித் திருவிழாக் கடையில் எங்களுள் ஒருத்தி வாங்கி வந்தாள். உள்ளே சிறு திரியை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் விட்டால் ‘டப் டப்’ என்று ஒலித்துக்கொண்டு தானே ஓடும். இந்தப் படகிற்கு 1891-ஆம் ஆண்டிலேயே தாமஸ் பியோ என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றிருக்கிறார். அதைப் பள்ளிக்குக் கொண்டு வந்து காட்டினோம். எங்கள் அறிவியல் ஆசிரியை, “இது ஏன் ஓடுகிறது?” என்றார். “ஆவி தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, படகு முன்னால் போகிறது” என்று ஒரே குரலில் சொன்னோம். “அப்படியானால் ஒரே தள்ளலில் தண்ணீர் முழுவதும் வெளியேறி நின்றுவிட வேண்டுமே? அடுத்த ‘டப்’பிற்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?” என்று அவர் கேட்டதும் விழித்தோம்.

விடையைத் தேடிப் படித்தபோதுதான் நீராவியின் குணம் விளங்கிற்று. ஒரு கன செண்டிமீட்டர் நீர் கொதித்து ஆவியானால் ஏறத்தாழ 1,670 கன செண்டிமீட்டர் இடத்தை அடைக்கிறது. இது தள்ளும் வேலை. அதே ஆவி குளிர்ந்த குழாய்ச் சுவரைத் தொட்டதும் மீண்டும் ஒரு துளி நீராகிவிடுகிறது. அடைத்திருந்த இடம் வெற்றிடமாகிறது. வளிமண்டல அழுத்தம் வெளித் தண்ணீரை அந்த இடத்திற்குள் தள்ளுகிறது. படகின் வாலில் தண்ணீர் இவ்வாறு போவதும் வருவதுமாக இருக்கிறது. போகும்போது நேராகப் பீச்சி அடிக்கிறது, வரும்போது நாலாபக்கத்திலிருந்தும் வருகிறது. ஆகையால் படகு முன்னோக்கியே செல்கிறது.

உலகின் முதல் பெரிய நீராவி இயந்திரங்களும் இந்த இரண்டாம் குணத்தை நம்பியே எழுந்தவை. இங்கிலாந்தில் சுரங்க நீரை இறைக்க 1712-இல் தாமஸ் நியூகோமன் அமைத்த இயந்திரத்தில், உருளைக்குள் ஆவியை நிரப்பி, அதன் மேல் குளிர்ந்த நீரைப் பீச்சிச் சுருங்கச் செய்தார்கள். உந்துதண்டைக் கீழே அழுத்தியது வெளிக் காற்றுதான். கெண்டி மூடி ஆடுவதைப் பார்த்து ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று நாம் சிறு வகுப்பிலிருந்து கேட்கிறோம். அது கதை. நடந்தது வேறு. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து கொடுத்துவந்த வாட்டிடம், 1763-ஆம் ஆண்டில் நியூகோமன் இயந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுது பார்க்க வந்தது. அதன் உருளை 2 அங்குலக் குறுக்களவே உடையது. பழுதை நீக்கிய பிறகும் அது சில வீச்சுகள் ஆடிவிட்டு ஆவி போதாமல் நின்றுவிட்டது. பெரிய இயந்திரம் ஓடுகிறது, அதே அமைப்பில் உள்ள சிறியது ஏன் ஓடவில்லை என்ற கேள்விதான் அவரை உறங்கவிடவில்லை. இந்தக் கேள்வி பின்னால் எங்களையும் பிடித்துக்கொண்டது. அதை உரிய இடத்தில் சொல்கிறோம்.

இயந்திரம் செய்யப் பட்டறை வேண்டுமே! எங்களுள் ஒருத்தியின் தாத்தா ஒரு காலத்தில் நிப்பு செய்தவர். சாத்தூர் என்றால் வெளியூரார் காராசேவையும் வெள்ளரிக்காயையும் சொல்வார்கள். மைப்பேனா எழுதிய காலத்தில் சாத்தூர் நிப்பும் அதே அளவு பெயர் பெற்றிருந்தது. வீட்டுக்கு வீடு கைப்பிரஸ் வைத்துத் தகட்டை வெட்டி, துளையிட்டு, வளைத்து, பிளவு கீறி, மெருகேற்றி அனுப்பினார்கள். பால்பாயிண்ட் பேனா வந்தபின் அத்தொழில் படுத்துவிட்டது. தாத்தாவின் வீட்டுக் கொல்லையில் அந்தப் பட்டறை இன்னும் இருக்கிறது. ஒரு சிறிய லேத்து, துளைபோடும் இயந்திரம், துருவேறிய இரண்டு கைப்பிரஸ்கள், அரங்கள் இவ்வளவும் கோணிச் சாக்கின் கீழ் உறங்கிக் கிடந்தன. நாங்கள் போய்க் கேட்டபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நிப்புல மயிரிழை தப்புனா மை கசியும். உங்க மிஷின்ல மயிரிழை தப்புனா ஆவி கசியும். வேலை ஒண்ணுதான் தாயி, வாங்க” என்றார்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஆடும் உருளை வகை. இதற்குத் தனி வால்வு தேவையில்லை. உருளை ஒரு முளையில் ஊஞ்சல் போல இருபுறமும் ஆடும். அதன் முகத்தில் ஒரு துளை உண்டு. அது ஒட்டி நிற்கும் தாங்கு பலகையில் இரு துளைகள் உண்டு. ஒன்று ஆவி வரும் வழி, மற்றது ஆவி போகும் வழி. உருளை ஒரு பக்கம் ஆடும்போது அதன் துளை முதல் துளையோடு பொருந்த, ஆவி புகுந்து உந்துதண்டைத் தள்ளுகிறது. மறுபக்கம் ஆடும்போது இரண்டாம் துளையோடு பொருந்த, வேலை முடித்த ஆவி வெளியேறுகிறது. பித்தளை உருட்டுத் தண்டை லேத்தில் பிடித்து 12 மில்லிமீட்டர் விட்டத்தில் துளை குடைந்தோம். உந்துதண்டின் வீச்சு 20 மில்லிமீட்டர். சுழல்சக்கரத்திற்கு ஒரு பழைய இரும்புக் கப்பி கிடைத்தது.

முகங்கள் இரண்டும் கண்ணாடி போல் சமமாக இருந்தால்தான் ஆவி கசியாது. தாத்தா ஒரு கண்ணாடித் துண்டில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மெல்லத் தடவி, உருளையின் முகத்தை அதன்மேல் வைத்து எடுக்கச் சொன்னார். மேடான இடத்தில் மட்டும் கரி ஒட்டிற்று. அதை எமரிப் பொடியால் தேய்த்துக் குறைத்து, மறுபடி கரியில் வைத்து, மறுபடி தேய்த்து என்று இரண்டு சனிக்கிழமைகள் கழிந்தன. முகம் முழுவதும் ஒரே சீராகக் கரி படிந்த அன்று எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைத் தேர்வில் முதல் மதிப்பெண் பெற்றவள் கூட அறிந்திருக்க மாட்டாள்.

அத்தனையும் செய்தபின் சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பார்த்தோம். இயந்திரம் அசையவில்லை. காற்று மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. பிழை எங்களுடையதே. பெரிய துளையானால் ஆவி தாராளமாகப் போகும் என்று எண்ணி, கணக்குப் போடாமல் 3.5 மில்லிமீட்டர் துளை போட்டிருந்தோம். நம் கணக்குப் பாடத்தை அப்போதுதான் எடுத்துப் பார்த்தோம். முளையிலிருந்து அச்சு 40 மில்லிமீட்டர் தொலைவில் உள்ளது. வளைதண்டு 10 மில்லிமீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது. முளையிலிருந்து அந்த வட்டத்திற்கு வரையும் தொடுகோடுதான் உருளை சாயும் எல்லை. ஆகவே அக்கோணத்தின் சைன் 10/40, அதாவது 0.25. உருளையின் துளை முளையிலிருந்து 12 மில்லிமீட்டரில் இருப்பதால் அது பக்கவாட்டில் 12 × 0.25 = 3 மில்லிமீட்டர் நகரும். நடுநிலையில் உருளையின் துளை இரு வழிகளையும் தொடாமல் நிற்க வேண்டுமானால் துளையின் விட்டம் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. எங்கள் 3.5 மில்லிமீட்டர் துளை நடுவில் நிற்கும்போது இரு வழிகளையும் ஒரே நேரத்தில் திறந்து, வந்த ஆவியை நேரே வெளியே அனுப்பிவிடும். பலகையையும் உருளையையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்தோம். 2.5 மில்லிமீட்டர் துளை. இம்முறை பம்பை அழுத்தியதும் சக்கரம் சிலிர்த்துக்கொண்டு சுற்றியது. தொடுகோடு எதற்குப் பயன்படும் என்று இனி எங்களுள் எவரும் கேட்க மாட்டோம்.

இதுவரை விளையாட்டு. கொதிகலன்தான் உண்மையான வேலை.

எங்களுள் ஒருத்தியின் அம்மா பட்டாசு ஆலையில் வேலை செய்கிறார். நாங்கள் செய்வதைக் கேள்விப்பட்டதும் மகளை இனிப் பட்டறைக்குப் போகக் கூடாது என்று தடுத்துவிட்டார். சமாதானம் சொல்ல நால்வரும் அவர் வீட்டிற்குச் சென்றோம். “இதில் மருந்தே இல்லை அத்தை, வெறும் தண்ணீர்தான்” என்றோம். அவர் சொன்ன மறுமொழியை அப்படியே எழுதுகிறோம். “மருந்தச் சும்மா தரையில கொட்டி வச்சா புஸ்ஸுனு எரிஞ்சு போகும். தாளுல இறுக்கிச் சுத்தி வச்சாத்தான் வெடிக்கும். நீங்க தண்ணியச் செம்புல சுத்தி வச்சிருக்கீக.”

இதைவிடத் தெளிவாகக் கொதிகலனின் ஆபத்தை எந்த நூலிலும் நாங்கள் படிக்கவில்லை. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. மூடிய கலத்தில் அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு 1.5 கிலோ ஏறினால் நீர் 127 டிகிரி வரை சூடேறி, ஆயினும் நீராகவே இருக்கும். கலம் பிளந்தால் அந்த உபரி 27 டிகிரி வெப்பம் ஒரே நொடியில் நீரை ஆவியாக்கும். ஒரு கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். ஆக, நூற்றில் ஐந்து பங்கு நீர் ஆவியாகும். 100 கிராம் நீரில் 5 கிராம் என்பது சிறிதாகத் தோன்றும். ஆனால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் எட்டு லிட்டருக்கு மேற்பட்ட ஆவி! நம் நாட்டுக் கொதிகலன் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கலங்களைக் கணக்கில் கொள்வதில்லை. எங்கள் கலம் கால் லிட்டர் கூட இல்லை. ஆய்வாளர் எவரும் வரமாட்டார் என்பதால் நாங்களே ஆய்வாளராக வேண்டியிருந்தது.

முதலில் பால்மாவு டப்பாவில் ஈயம் பற்றவைத்துச் செய்யலாம் என்று எண்ணியிருந்தோம். தாத்தா அதைக் கையால் கூடத் தொடவில்லை. ஈயப்பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். நீர் வற்றிவிட்டால் தீபத்தின் சூட்டில் பற்று விட்டுப்போகும். ஆகவே 50 மில்லிமீட்டர் விட்டமும் 100 மில்லிமீட்டர் நீளமும் உள்ள தடித்த செம்புக் குழாய் வாங்கினோம். இரு மூடிகளையும் 2 மில்லிமீட்டர் செம்புத் தகட்டில் அடித்து வளைத்தோம். அடிக்க அடிக்கச் செம்பு முரடாகும். அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மறுபடி மெதுவாகிறது. எஃகை அப்படித் தோய்த்தால் கடினமாகும், செம்புக்கு நேர் எதிர்! மூடிகளைப் பற்றவைக்கும் பணியை நகை செய்யும் ஆசாரி ஒருவர் ஏற்றார். வெண்காரம் இட்டு, வெள்ளி கலந்த பற்றினால் ஊதிப் பற்றவைத்தார். அதற்கு 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஒவ்வொரு மூடியின் பரப்பும் ஏறத்தாழ 19.6 சதுர செண்டிமீட்டர். ஓடும்போது ஒவ்வொன்றையும் சுமார் 29 கிலோ வெளியே தள்ளும். அதனால் நடுவில் ஒரு செம்புத் தண்டைச் செலுத்தி இரு மூடிகளையும் இழுத்துப் பிடிக்கச் செய்தோம்.

காப்பு வால்வு நம் சமையலறைக் குக்கரின் உறவுக்காரர். 1679-இல் டெனி பாப்பின் என்னும் பிரெஞ்சுக்காரர் எலும்பையும் மென்மையாக வேகவைக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்தார். அது வெடிக்காதிருக்க எடை தொங்கும் வால்வு ஒன்றை அமைத்தார். உந்துதண்டும் உருளையும் கொண்ட நீராவி இயந்திரத்தை அவர் 1690-இல்தான் எண்ணிப் பார்த்தார். முதலில் காப்பு, பிறகே இயந்திரம். நாங்கள் 4 மில்லிமீட்டர் துளையின் மேல் வில் அழுத்தும் சிறு வால்வைக் கடைந்தோம். 1.5 கிலோ அழுத்தத்தில் அதைத் தூக்கும் விசை 190 கிராம் எடைக்குச் சமம். வில்லை அதற்கேற்ப அமைத்தோம்.

கொதிகலனைத் தீயில் வைக்கும் முன் குளிர்ந்த நீரால் சோதிக்க வேண்டும். கலம் முழுவதும் காற்று சிறிதும் இல்லாமல் நீரை நிரப்பி, குழாய் வேலைக்காரரின் கைச் சோதனைப் பம்பால் அழுத்தத்தை ஏற்றுவது முறை. காற்றும் ஆவியும் அமுங்கி நின்று சீறும். நீர் அமுங்காது. ஆதலால் கலம் விட்டுப்போனாலும் ஒரு சொட்டுக் கசிவோடு முடிந்துவிடும். அந்தச் சோதனைக்கு அத்தையை அழைத்திருந்தோம். அவர் வாசற்படியிலேயே நின்றார்.

பம்பை அழுத்தினோம். அழுத்தமானியின் முள் 1, 1.5 என்று ஏறியது. வால்வு திறக்க வேண்டும். திறக்கவில்லை. முள் 1.8-க்குப் போயிற்று. 2-க்குப் போயிற்று. தாத்தா பம்பிலிருந்து எங்கள் கையை எடுத்துவிட்டார். எவரும் பேசவில்லை. ஒரு துளி நீர் கூடச் சிந்தவில்லை. சிந்தாததுதான் குற்றம். கழற்றிப் பார்த்தபோது வால்வின் தண்டு அதன் துளையில் இறுகிக் கிடந்தது. இறுக்கமாகப் பொருந்தினால் அழகு என்று நாங்கள் மெருகிட்டுப் பொருத்தியிருந்தோம். மற்ற எல்லா உறுப்புக்கும் இறுக்கம் நல்லது. இது ஒன்று மட்டும் தளர்ந்திருக்க வேண்டும். அத்தை மகளின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று நாங்கள் அழுதோம் என்பதை ஒளிப்பானேன்? அத்தை மீது வருத்தமில்லை. ஆவியாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நால்வருக்கும் கணக்குத் தெரியும்.

புதிய வால்வைத் தளர்வாகக் கடைந்தோம். மேலே ஒரு வளையம் வைத்து, விரும்பியபோது நூலால் தூக்கிப் பார்க்குமாறு அமைத்தோம். பத்து நாள் கழித்து மறுபடி அத்தையைக் கூப்பிட்டோம். வந்தார். முள் 1.5-ஐத் தொட்டதும் வால்வு நீரைப் பீச்சியது. “இன்னொரு தடவை” என்றார். பீச்சியது. பத்து முறை செய்யச் சொல்லி விரல் விட்டு எண்ணினார். பிறகு வால்வுத் துளையை அடைத்து, வேலை அழுத்தத்தின் இரு மடங்கான 3 கிலோவிற்கு ஏற்றிப் பத்து நிமிடம் வைத்தோம். ஒவ்வொரு மூடி மேலும் 59 கிலோ. ஓர் ஆள் ஏறி நிற்பது போல! கசிவில்லை. அடைப்பை எடுத்து வால்வைத் திரும்பப் பொருத்தியதும் பதினோராம் முறை தூக்கிக் காட்டினோம். “சரி, பத்த வைங்க” என்றார் அத்தை.

100 கன செண்டிமீட்டர் நீரை அளந்து ஊற்றி, மூன்று திரியுள்ள ஸ்பிரிட் விளக்கை வைத்தோம். ஒன்பது நிமிடத்தில் முள் 1-ஐத் தொட்டது. குழாயைத் திறந்தோம். உருளை முதலில் வெந்நீரைத் துப்பியது. சக்கரத்தை விரலால் இருமுறை சுற்றிவிட்டதும், ‘சக் சக் சக்’ என்று பிடித்துக்கொண்டது. தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டதாம்!

இனி வாட்டின் கேள்விக்கு வருவோம். அச்சில் ஒரு நூற்கண்டைப் பொருத்தி, 10 விநாடியில் எவ்வளவு நூல் சுற்றுகிறது என்று அளந்தோம். 2 மீட்டர். கண்டின் சுற்றளவு 4 செண்டிமீட்டர். எனவே நிமிடத்திற்கு 300 சுற்று. ஒரு சுற்றுக்கு உருளை கொள்ளும் ஆவி 2.26 கன செண்டிமீட்டர். நிமிடத்திற்கு 678. ஒரு கிலோ அழுத்தத்தில் ஒரு கிராம் நீர் சுமார் 890 கன செண்டிமீட்டர் ஆவி தரும். ஆகப் பத்து நிமிடம் ஓட 8 கிராம் நீர் போதும். ஓட்டி, ஆறவிட்டு, மிஞ்சியதை அளந்தோம். குறைந்தது 31 கிராம்!

நான்கு மடங்கு செலவு. கொஞ்சம் கசிவு, கொஞ்சம் ஓடத் தொடங்கும் முன் போனது. மிகுதி எங்கே போயிற்று என்பதைப் போக்குக் குழாய் துப்பிய வெந்நீரே சொல்லிற்று. ஆவி உருளைச் சுவரைத் தொட்டு, வேலை செய்யாமலே நீராகிவிடுகிறது. வாட்டும் தம் மாதிரியில் இதையே அளந்து கண்டார். உருளை நிறையத் தேவையானதைப் போலப் பல மடங்கு ஆவி செலவாயிற்று. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் பாதியாகச் சிறிதாக்கினால் அதன் கொள்ளளவு எட்டில் ஒன்றாகக் குறையும், பரப்போ நாலில் ஒன்றாகத்தான் குறையும். ஆகவே சிறிய உருளைக்கு, கொள்ளும் ஆவிக்குச் சுவர் அதிகம். பெரிய இயந்திரமும் ஆவியை வீணாக்கத்தான் செய்தது. ஆனால் நின்றுபோகும் அளவுக்கு இல்லாததால் ஐம்பது ஆண்டு எவர் கண்ணிலும் படவில்லை. சிறிய மாதிரி அதைக் காட்டிக்கொடுத்தது. 1765-இல் வாட்டுக்கு வழி தோன்றியது. ஆவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் வைத்தால் உருளையை எப்போதும் சூடாகவே வைத்திருக்கலாம். அதற்கு 1769-இல் காப்புரிமை பெற்றார். எங்களால் முடிந்தது, உருளையையும் ஆவிக் குழாயையும் பருத்தி நூலால் நெருக்கமாகச் சுற்றியதுதான். மறுமுறை பத்து நிமிடத்திற்கு 22 கிராமே செலவாயிற்று.

சென்ற ஆண்டுச் சுற்றுலாவில் குன்னூர் நிலையத்தில் நீலகிரி மலை இரயிலின் எஞ்சினைப் பார்த்தபோது இந்த விவரமெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நான்கு உருளைகள் அதற்கு. கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள பல்தண்டவாள ஏற்றத்தில், முதலிரண்டு உருளைகளில் வேலை முடித்த ஆவி வெளியே போகாமல் மற்ற இரண்டிற்குள் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. நம் திருச்சி பொன்மலைப் பணிமனை 2011-ஆம் ஆண்டு முதல் எண்ணெயில் எரியும் புதிய எஞ்சின்களையும், 2021-இல் நிலக்கரியில் எரியும் எஞ்சினையும் கட்டித் தந்திருக்கிறது. இதைச் சொன்னதும் தாத்தா, “அங்கயும் வால்வை இறுக்கமாத்தான் கடைஞ்சாங்களான்னு கேட்டுட்டு வாங்க” என்றார்.

இயந்திரம் இப்போது பள்ளி ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது. கண்காட்சியன்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இது கோவில்பட்டி வரை போகுமா என்று கேட்டாள். அதனுடன் ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறோம். தேதி, ஊற்றிய நீர், வால்வு திறந்த அழுத்தம், ஓட்டியவர் கையொப்பம் என்று நான்கு கட்டங்கள். ஆண்டுக்கொருமுறை நீர்ச்சோதனைக்குத் தனிப் பக்கம் உண்டு. முதல் பக்கத்தில் எங்கள் நால்வரின் கையொப்பத்திற்குக் கீழே தாத்தா மைப்பேனாவால் எழுதியிருக்கிறார். அதற்கும் கீழே, பத்து முறை எண்ணிப் பார்த்தவர் என்ற இடத்தில், அத்தையின் கையொப்பம் இருக்கிறது.